கண்ணாடி போட்டவர்களை மட்டும் எண்ணாதீர்கள்: கண் கேள்வி-பதில்

கே: கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும்?

எந்த நாட்டு மாணவர்கள் என்பதைப் பொறுத்தது. கிழக்கு ஆசிய நகரங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர். ஷாங்காய் பல்கலைக்கழக மாணவர்களைச் சோதித்தபோது 95 சதவீதம் வந்தது. ஐரோப்பிய இளைஞர்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவர்.

கே: எங்கள் துறையில் 200 பேரிடம் படிவம் கொடுத்து 'கண்ணாடி அணிகிறீர்களா?' என்று கேட்டோம். 70 பேர் ஆம் என்றார்கள். 35% பேருக்குப் பார்வைக் குறைபாடு என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. நீங்கள் எண்ணியது கண்ணாடியை, கண்ணை இல்லை. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர், லேசிக் (பவரைத் திருத்தும் லேசர் சிகிச்சை) செய்துகொண்டவர், கண்ணாடியைப் பையிலேயே வைத்திருப்பவர் என்று எத்தனை பேர் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பார்கள்? ஒரு கண் மட்டும் மங்கலாக இருப்பவருக்கு, நல்ல கண்ணைக் கையால் மூடிப் பார்க்கும்வரை அது தெரியவே தெரியாது. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுவரை ஒருமுறைகூடக் கண்ணைக் காட்டாதவர்கள்தான். பலகை மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் இயல்பு என்று நினைத்துக்கொண்டு, ஸ்லைடைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள், உங்கள் படிவம் அவர்களை நல்ல பார்வைக்காரர் பட்டியலில் சேர்த்துவிட்டது. சரி, கருவி வைத்துச் சோதித்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. இளம் கண்ணின் குவிக்கும் தசை இறுகி, இல்லாத மைனஸைக் (கிட்டப்பார்வைப் பவரை) காட்டும், இருக்கிற பிளஸை (தூரப்பார்வைப் பவரை) மறைக்கும். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். அப்புறம், முகாம் வைத்தால் சிரமம் உள்ளவர்களே முந்திக்கொண்டு வருவார்கள், சதவீதம் ஏறிவிடும். மைனஸ் 0.50-இலிருந்து கிட்டப்பார்வை என்று எண்ணினீர்களா, 0.75-இலிருந்தா என்பதிலேயே எண்ணிக்கை மாறும். இவ்வளவையும் சொல்லாமல் ஒரு சதவீதத்தை மட்டும் போடாதீர்கள். 'கண்ணாடி அணிவதாகச் சொன்னவர்கள் 35%' என்று எழுதுங்கள், அது நேர்மை.

கே: பவர் 2. லேசிக் செய்யலாமா?

மைனஸா, பிளஸா? எந்தக் கண்? வயது என்ன? சிலிண்டர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர், உண்டா? போன வருடம் எவ்வளவு இருந்தது? இது எதுவும் இல்லாமல் எழுதினால் நான் என்ன பதில் சொல்வது? பொதுவாக, 18 வயது தாண்டி, குறைந்தது ஒரு வருடம் பவர் மாறாமல் இருந்து, கருவிழியின் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின்) தடிமனும் வடிவமும் சரியாக இருந்தால் யோசிக்கலாம். லேசிக் கருவிழியைத்தான் திருத்தும், கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்ணைச் சுருக்காது, அதனால் இழுபட்ட விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். மைனஸ் 6-க்கு மேல் இருந்தவர்கள் லேசிக்குக்குப் பிறகும் விழித்திரையைத் தவறாமல் காட்ட வேண்டும்.

கே: கண்ணாடி போடாமல் இருந்தால் பவர் ஏறாதாமே?

தவறு. குறைந்த பவரில் போட்டாலும் ஏறுவது நிற்காது.

கே: தூரம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஒரு மணி நேரம் படித்தால் நெற்றி வலிக்கிறது. கண்ணாடிக் கடையில் சோதித்தார்கள், பவர் இல்லை என்றார்கள்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்களா? முதலில் அதைச் செய்யுங்கள். உங்கள் வயதில் சின்ன பிளஸ் பவரைக் கண் தானாகவே சமாளித்துவிடும், அதற்கான கூலிதான் இந்த வலி. அதிலும் ஒன்றும் இல்லை என்றால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கே: 21 வயதாகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றுகிறேன், சிலிண்டர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கிறதா? இருந்தால் இன்றோடு விடுங்கள். மைனஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது கல்லூரி வயதில் நிறையப் பேருக்கு உண்டு, ஆனால் சிலிண்டர் இப்படி ஓடினால் கருவிழி கூம்பாகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம் எடுங்கள், அடுத்த கண்ணாடி அப்புறம். தொடக்கத்திலேயே தெரிந்தால் மேலும் மோசமாகாமல் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

கே: நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

கண் அயர்ச்சிக்காக என்றால் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கையிலும் பலன் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது, எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அடிக்கடி தூரத்தில் பாருங்கள், இமையுங்கள்.

கே: தேர்வு நாட்களில் காண்டாக்ட் லென்ஸோடு தூங்கிவிடுகிறேன். காலையில் கொஞ்சம் சிவப்பு, பிறகு சரியாகிவிடுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் கிருமி தொற்றும் ஆபத்து பல மடங்கு, அந்தப் புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், தழும்புக்குக் கண்ணாடி கிடையாது. குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் கூடாது. படிக்கிற இரவுகளில் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். வலியோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சமோ வந்தால் லென்ஸை உடனே எடுத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் கையோடு எடுத்துப் போங்கள், எந்தக் கிருமி என்று பார்க்க அது தேவைப்படும்.