கொழும்பில் கர்ப்பமாக இருக்கும்போது ஃப்ளூ ஊசி போடலாமா?

நீங்கள் கேட்டிருந்தது இது: கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வெள்ளவத்தையில் வீடு, இப்போது ஐந்தாம் மாதம். இங்கே பார்க்கிற டாக்டர் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஊரிலிருந்து அம்மா ஃபோனில் "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ட ஊசியையும் போடாதே, கலைந்துவிடும்" என்கிறார். கணவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். குளிரே இல்லாத ஊரில் இது எதற்கு, போடுவதென்றால் எங்கே போடுவது, அரசாங்க கிளினிக்கில் தருவார்களா?

போட்டுக்கொள்ளுங்கள் தங்கச்சி. நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளையும் இங்கேயே பெற்றவள். இரண்டு தடவையும் இந்த ஊசி போட்டுக்கொண்டேன், அதற்கு முன்னால் உங்களைப் போலவே எல்லோரையும் கேட்டு, தேடித் தேடிப் படித்தேன். அதில் எனக்குத் தெளிவானதை மட்டும் சொல்கிறேன், கடைசி முடிவை உங்கள் டாக்டரிடம் பேசி எடுங்கள்.

முதலில் குளிர் விஷயம். குளிர்நாடுகளில் ஃப்ளூ வருஷத்துக்கு ஒரு சீசன். இங்கே அப்படியில்லை, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும், அதற்கு மேல் இரண்டு தடவை ஏறும். ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஜூன், ஜூலை வரை ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. மழை பிடித்தால் காலி வீதியில் (Galle Road) ஓடுகிற 100, 101 பஸ்ஸில் கண்ணாடியெல்லாம் இழுத்து மூடிவிடுவார்கள், உள்ளே நெருக்கியடித்து நிற்கிறவர்களில் நாலு பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இனிமேல்தான் அந்த மாதங்களைப் பார்க்கப்போகிறீர்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, ஊரில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. டெங்குவும் கிட்டத்தட்ட அதே மாதங்களில்தான் ஏறும். கொழும்பில் ஒரு கர்ப்பிணிக்குக் காய்ச்சல் அடித்தால் டாக்டர்களுக்கு முதல் சந்தேகம் டெங்கு, அப்புறம்தான் மற்றதெல்லாம். முதல் நாளே எஃப்.பி.சி. என்கிற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள், பிளேட்லெட் எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பார்கள், பல நேரம் வார்டில் சேர்த்துவிடுவார்கள். அது சரியான காரியம், ஏனென்றால் கர்ப்பத்தில் டெங்குவை விட்டுவைக்க முடியாது. ஆனால் வெறும் ஃப்ளூவாக இருந்தாலும் அது ஃப்ளூதான் என்று தெரியும்வரை நீங்கள் ஊசியும் டிரிப்ஸும் பயமுமாகக் கிடக்க வேண்டியிருக்கும். ஃப்ளூ ஊசி டெங்குவைத் தடுக்காது, கொசுவை விரட்டுகிற வேலை தனியாக இருக்கிறது. இருந்தாலும் வரக்கூடிய காய்ச்சல்களில் ஒன்றையாவது முன்கூட்டியே குறைத்துக்கொள்ள முடியும் என்றால், துணைக்கு அம்மா மாமியார் இல்லாத ஊரில் அது பெரிய விஷயம்.

சரி, கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? கர்ப்பகாலத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மாறுகிறது, இதயம் அதிகமாக உழைக்கிறது, வயிறு பெரிதாகப் பெரிதாக நுரையீரல் விரிய இடம் குறைகிறது. மற்றவர்களுக்கு நாலு நாள் படுக்கையோடு போகிற ஃப்ளூ, பிந்திய மாதங்களில் நிமோனியாவாகத் திரும்பும் ஆபத்து அதிகம். 2009இல் எச்1என்1 என்கிற பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவில் கர்ப்பிணிகள் மொத்த ஜனத்தொகையில் சுமார் 1 சதவீதம்தான், ஆனால் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதம் அவர்கள். 2012இல் உலக சுகாதார அமைப்பு ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்குத்தான் முதல் முன்னுரிமை என்று சொன்னது.

எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள், எட்டாம் மாதத்தில் ஃப்ளூ வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். புறங்கையில் கேனுலா, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. மாஸ்க்கை ஒரு நொடி விலக்கி, "பிள்ளை அசையுதோ எண்டுதான் பாத்துக்கொண்டு இருக்கிறன் அக்கா" என்றாள், அதற்குள் மூச்சு வாங்கியது. ஒசெல்டமிவிர் என்கிற ஃப்ளூ மாத்திரை கொடுத்துத் தேற்றிவிட்டார்கள், குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஆகாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு "சாதாரண சளிக்காய்ச்சல்தானே" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு காரணம் பிள்ளை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. அந்த ஆறு மாதத்துக்கு அதற்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு, நீங்கள் இப்போது போட்டுக்கொண்டு தொப்புள்கொடி வழியாக அனுப்புவதுதான், அப்புறம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும். வங்காளதேசத்தில் டாக்காவில் நடந்து 2008இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. நம்மைப் போன்ற தட்பவெப்பம், நம்மைப் போன்ற கூட்டம் உள்ள ஊர். 340 தாய்மாரை வைத்துச் செய்தது. கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில், பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்கு முடிவெடுக்க உதவியது இதுதான். என்னைப் பற்றிய பயத்தில் நான் இரண்டு மனதாக இருந்திருப்பேன், பிள்ளைக்கு என்று வந்ததும் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அவர் அன்பில்தான் சொல்கிறார். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். உங்களை வயிற்றில் சுமந்தபோது அவருக்கு டி.டி. ஊசி போட்டார்களா? அநேகமாகப் போட்டிருப்பார்கள். அது எதற்கு? பிறக்கிற குழந்தைக்கு ரண ஜன்னி வராமல் இருக்க. அம்மாவுக்குப் போடுகிற ஊசி பிள்ளையைக் காக்கும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், இதுவும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. கர்ப்பிணிக்குப் போடுவது உயிரில்லாத கிருமியின் பகுதி, அதனால் ஃப்ளூ வராது. மூக்கில் ஸ்ப்ரேயாக அடிக்கிற உயிருள்ள வகை ஒன்று சில நாடுகளில் உண்டு, அதைக் கர்ப்பத்தில் கொடுக்க மாட்டார்கள்.

"கலைந்துவிடும்" என்ற பேச்சு வெறும் வதந்தியாக மட்டும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் தேடினால் கண்ணில் படும், பட்டால் பயந்துவிடுவீர்கள். 2017இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, அடுத்தடுத்த இரண்டு வருஷம் ஊசி போட்ட பெண்களில் ஆரம்ப மாதங்களில் கருச்சிதைவு கூடுதலாகத் தெரிகிறது என்றது. அதை யாரும் மூடி மறைக்கவில்லை. அதே ஆய்வாளர்கள் இன்னும் அதிகம் பேரை வைத்து மூன்று சீசன்களை எடுத்து மறுபடி பார்த்தார்கள், 2019இல் முடிவு வந்தது: அந்தத் தொடர்பு இல்லை. அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியை 1960களிலிருந்து பரிந்துரைத்து வருகிறார்கள். நீங்களோ ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள், அந்த ஆய்வு பேசிய ஆரம்ப வாரங்களைத் தாண்டியாகிவிட்டது.

முழுப் பாதுகாப்பு கிடைக்குமா என்றால் கிடைக்காது. கிருமி வருஷத்துக்கு வருஷம் உருமாறும், ஊசியும் அதற்கேற்ப மாறும், சில வருஷம் நன்றாகப் பொருந்தும், சில வருஷம் அவ்வளவாகப் பொருந்தாது. ஆஸ்திரேலியா, கனடா, இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாலு நாடுகளில் 2010 முதல் 2016 வரை பார்த்த ஒரு பெரிய ஆய்வில், ஊசி போட்ட கர்ப்பிணிகள் ஃப்ளூவால் ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து சராசரியாக 40 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது. கையில் வலி, ஒன்றிரண்டு நாள் உடம்பு அசதி, சிலருக்கு லேசான காய்ச்சல், இவ்வளவுதான் பொதுவாக வரும்.

கணவர் பொறுக்கச் சொல்வதற்கு வருகிறேன். இந்தியாவில் சில டாக்டர்கள் 26 வாரத்துக்குப் பிறகு போடலாம் என்பார்கள், திருச்சியில் கேட்டாலும் அப்படி ஒரு பதில் வரலாம். உலக சுகாதார அமைப்பு எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது. என் கருத்து, சுற்றி ஃப்ளூ ஓடிக்கொண்டிருந்தால் வாரக்கணக்குப் பார்க்காதீர்கள். போட்டபிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில் மறந்துபோன பெண்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எங்கே, எப்படி. அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் ஊசி இலவசம், ஃப்ளூ ஊசி அந்த வழக்கமான பட்டியலில் இல்லை. அதற்காகக் கிளினிக்கையே விட்டுவிடாதீர்கள், உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பெயரைப் பதியப் பாருங்கள், வீடு தேடி வந்து பார்க்கிற அக்கறை அவர்களிடம் உண்டு. ஃப்ளூ ஊசிக்குத் தனியார் ஆஸ்பத்திரிதான். இங்கே மகப்பேறு டாக்டரை வி.ஓ.ஜி. என்பார்கள், அப்பாயின்ட்மென்ட் எடுப்பதைச் சனல் பண்ணுவது என்பார்கள். உங்கள் வி.ஓ.ஜி. எழுதிக் கொடுத்த சீட்டோடு அவர் இருக்கிற ஆஸ்பத்திரியின் தடுப்பூசிப் பிரிவுக்குப் போகலாம். போவதற்கு முன் கட்டாயம் ஃபோன் செய்யுங்கள். சில மாதங்களில் மருந்து தீர்ந்துபோயிருக்கும், விலையும் இடத்துக்கு இடம் மாறும்.

அங்கே போனதும் கூச்சப்படாமல் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வருஷத்து, எந்த சீசனுக்கான மருந்து என்று பெட்டியிலேயே இருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும். வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று என வருஷத்தில் இரண்டு தடவை மருந்தின் கலவையைப் புதுப்பிக்கிறார்கள், இருப்பதில் எது புதியது என்று கேளுங்கள். முன்பு நாலு வகைக் கிருமிக்கானது வந்தது, அதில் ஒரு பி வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் இப்போது மூன்று வகைக்கு மாறிவருகிறார்கள், மூன்று என்று போட்டிருந்தால் மட்டமான மருந்து என்று நினைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் கண்முன்னே எடுக்கட்டும். எனக்குப் போட்ட நர்ஸ் நான் கேட்பதற்கு முன்பே சிரிஞ்சைத் திருப்பி லேபிளைக் காட்டி, பேட்ச் நம்பரை என் கர்ப்பப் பதிவு அட்டையில் எழுதினார். அட்டையைக் கொண்டுபோங்கள். ஊசியை வலது கையில் போடச் சொல்லுங்கள். இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லியிருப்பார்கள், இடது கையில் போட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. போட்டபிறகு கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால், கீலான் பாரே என்கிற நரம்பு வியாதி வந்திருந்தால், அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருந்தால், போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாது என்றாலும் சொல்லுங்கள், அதற்காக இப்போது பொதுவாக ஊசியை மறுப்பதில்லை.

கணவரும் போட்டுக்கொள்ளட்டும், தினமும் வெளியே போய் வருகிறவர் அவர்தான். பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தால் விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் திருச்சியிலேயே அவருக்கும் ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கப்போகிற கை அது என்று சொன்னால் மறுக்க மாட்டார்.

ஊசி போட்டபிறகும் காய்ச்சல் வந்தால் "அதுதான் போட்டாச்சே" என்று வீட்டில் இருக்காதீர்கள். ஊசி போட்ட அசதி ஒன்றிரண்டு நாளில் போய்விடும், அதற்கு மேல் நீடித்தாலோ காய்ச்சல் நன்றாக அடித்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. காய்ச்சலுக்குப் பனடோல் (ஊரில் பாராசிட்டமால்) மட்டும், டாக்டர் சொன்ன அளவில். புரூஃபன் மாதிரி எதுவும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து, கர்ப்பத்துக்கும் ஆகாது. கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் அதைக் குடித்துக்கொண்டே மூன்று நாள் காத்திருக்கக்கூடாது. ஃப்ளூ என்று தெரிந்தால் டாக்டர் தரும் ஒசெல்டமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், எங்காவது ரத்தம் கசிந்தால், பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தெரிந்தால், நேரம் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசரிய ஆம்புலன்ஸ், கட்டணம் கிடையாது. அந்த நம்பரை இப்போதே உங்கள் ஃபோனிலும் கணவர் ஃபோனிலும் பதிந்துவையுங்கள். சனல் பண்ணும்போது ஏதாவது சிக்கல் என்றால் எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.