ஆங்கில மின்னஞ்சலில் பெயருக்குக் கீழே 'ஷீ / ஹெர்' (she/her), 'தே / தெம்' (they/them) என்று போடுகிறார்களே, எதற்கு? நாமும் போட வேண்டுமா?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிறேன். இந்த வரி அன்றாடம் கண்ணில் படுகிறது.

'என்னைப் பற்றி மற்றவரிடம் பேசும்போது இப்படிக் குறிப்பிடுங்கள்' என்கிறார் கையெழுத்திட்டவர், அவ்வளவுதான். அவருக்கே எழுதினால் 'யூ' போதும். "அலெக்ஸ் தோல் மாதிரியைப் பார்த்தார், நிறத்தை மாற்றச் சொன்னார்" என்று தமிழில் எழுதிவிட்டுப் போகலாம். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே ஹீயா ஷீயா என்று முடிவுசெய்ய வேண்டிவரும். பெயரை வைத்து ஊகித்தால் மாட்டிக்கொள்வோம். அன்பு, மதி என்று கையெழுத்திட்டால் ஜெர்மனிக்காரர் மட்டும் என்ன கண்டார்? எங்கள் கணக்குப் பிரிவு அம்மையாருக்கு இன்றும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கடிதம் வருகிறது!

'தே / தெம்' என்று போடுபவர்களில் பலர் தம்மை ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் அடக்கிக்கொள்ளாதவர்கள். "ஒருவருக்குப் பன்மையா?" என்று இலக்கணம் பேசுபவர்கள் உண்டு. யாரென்று தெரியாத ஒருவரைத் 'தே' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 'யூ'வும் ஒருகாலத்தில் பன்மைதான். ஆண், பெண் இரண்டிலும் அடங்காத ஒருவர் என்ற புதிய பொருளை அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் சேர்த்து, 'தே'யையே அந்த ஆண்டின் சொல்லாகவும் அறிவித்தது. வினை மட்டும் பன்மையிலேயே வரும்: 'தே ஆர்'.

'ஷீ / ஹெர்' என்று கண்டதும் திருநங்கை என்று முடிவுகட்டாதீர்கள். திருநங்கையரும் போடுகிறார்கள், மற்றப் பெண்களும் போடுகிறார்கள்.

"நமக்குத்தான் 'அவர்' இருக்கிறதே, இந்தத் தொல்லை எதற்கு?" என்பார்கள். 'அவர்' மரியாதைக்கு வருவது. மரியாதை போனால் அதுவும் போய்விடும். காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு திருநங்கையை 'அவன்' என்கிறவருக்கு 'அவர்' என்ற சொல் தெரியாமலா இருக்கிறது? தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இலேயே ஏற்றுக்கொண்டது. வாய்தான் இன்னும் பழகவில்லை.

நீங்கள் போடுவது உங்கள் விருப்பம். எல்லோரும் போட்டே ஆகவேண்டும் என்று அலுவலகம் உத்தரவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தம்மைப் பற்றி இன்னும் வெளியே சொல்லாத ஒருவர் அங்கே பொய் எழுதவேண்டியிருக்கும். மற்றவர் போட்டிருந்தால் அதன்படியே எழுதுங்கள். தவறினால் திருத்திவிட்டு மேலே செல்லுங்கள். நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம், அவருக்குச் சரக்கு எப்போது கப்பலேறும் என்பதுதான் தெரியவேண்டும்.