‘ஹாஸ்பின் ஹோட்டல்’ முதல் அத்தியாயம் ஏன் மனத்தில் ஒட்டவில்லை?

பாடல்களில் குறையில்லை, அவசரம்தான் குறை. 2024 ஜனவரியில் வந்த, பெரியவர்களுக்கான இந்த இசை அனிமேஷன் தொடரின் முதல் பருவத்துக்கு எட்டே அத்தியாயங்கள். பாவிகளைத் திருத்த விடுதி நடத்தும் நரக இளவரசி சார்லி, முதலில் தெருவில் துள்ளிப் பாடுகிறாள். பிறகு, ஆண்டுதோறும் நரகத்துக்கு வந்து பாவிகளைக் கொன்று குவிக்கும் வானுலகப் படையின் தலைவன் ஆதாமிடம் மன்றாடுகிறாள். அவன் பாடியே மறுத்து, அடுத்த படுகொலை ஆறே மாதத்தில் என்கிறான். அந்த அதிர்ச்சி நமக்குள் இறங்குவதற்குள் கதை நகர்ந்துவிடுகிறது.

மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் பார்த்தவர்களுக்கு இது உடனே உறுத்தும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, ஒருவர் பாடி நிறுத்தியதும் ஆர்மோனியம் மட்டும் சற்று ஒலிக்கும். பதில் என்னவோ என்று கூட்டமே காத்திருக்கும். விடிய விடிய நடக்கும் நாடகத்தின் நிதானத்தைக் குறும் அத்தியாயத்தில் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனாலும் வசைச்சொற்களில் பாதியைக் குறைத்திருந்தால், சார்லி ஒரு கணம் வாயடைத்து நிற்க இடம் கிடைத்திருக்கும்.