வில்லங்கச் சான்றிதழில் பிரச்சினை எதுவும் இல்லை என்றால் மனையை நம்பி வாங்கலாமா?

அது மட்டும் போதாது. வில்லங்கச் சான்றிதழில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள்தான் வரும், பதிவாகாத உயில், வாரிசுகளுக்குள் இருக்கும் பங்குத் தகராறு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு இதெல்லாம் பெரும்பாலும் அதில் தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் நான் பார்த்த ஒரு மனைக்கு முப்பது வருட வில்லங்கம் சுத்தமாக இருந்தது, பட்டாவும் விற்பவர் பெயரில். ஆனால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது நாலாவதாக ஒரு பெயர், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் விற்பவரின் தங்கை. அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவே இல்லை. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு உண்டு, அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால் நான் கோர்ட்டுக்கு அலைந்திருப்பேன்.

விற்பவர் பவர் ஏஜென்ட் (உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பவர்) என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள், அவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாகச் செல்லாது.

அப்புறம் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் போட்ட லேஅவுட் மனைகளை, அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் தமிழக அரசின் வரன்முறைத் திட்டத்தில் சேர்க்க முடியாது, 'பின்னால் அப்ரூவல் வந்துவிடும்' என்று புரோக்கர் சொன்னால் தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். மூலப் பத்திரத்தின் அசலையும் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.