‘கொன்றான்’ என்று எழுதலாமா?

கேள்வி: சென்ற இதழில் ஒரு கொலை வழக்கைப் பற்றி எழுதும்போது ‘மனைவியை அடித்தே கொன்றான்’ என்று பச்சையாகப் போட்டிருந்தீர்கள். குழந்தைகளும் படிக்கும் பத்திரிகை இது. மொழிக்கு ஓர் ஒழுக்கம் வேண்டாமா? ‘குடும்பத் தகராறில் பெண் மரணம்’ என்று நாகரிகமாக எழுதியிருக்கலாமே?

பதில்: மொழிக்கு ஒழுக்கம் கட்டாயம் வேண்டும். அதனால்தான் அப்படி எழுதினோம்.

நீங்கள் சொல்லும் தலைப்பை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். அடித்தவன் எங்கே? ஆளையே காணோம். தகராறு என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சண்டை. ஆக, செத்துப்போனவள் தலையிலும் பாதிப் பழி ஏறிவிட்டது. மரணமோ, காய்ச்சலில் போனதுபோலத் தானாக வந்துவிட்டது. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒரு கொலைகாரனைக் காப்பாற்றியாகிவிட்டது.

‘ஒருதலைக் காதலால் இளம்பெண்ணுக்கு வெட்டு’ என்பதும் இதே ரகம். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்தி, மிரட்டி, கடைசியில் அரிவாளைத் தூக்கியவன் செய்ததில் காதல் எங்கே வந்தது? தினமும் இப்படியே படித்து வளர்கிற பையனுக்கு ‘பாவம், அவனும் என்னதான் செய்வான்’ என்று தோன்றும். நாளைக்கு இன்னொரு பெண் புகார் கொடுக்கப் போனால், ‘ஆசைப்பட்டுத்தானேம்மா பின்னாடி வர்றான்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அந்த வசனத்தை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது தலைப்புகள்தான்.

வசவு உடனே காதில் சுடும். கேட்டவன் திருப்பிக் கேட்பான். நளினமான பொய்யை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ‘லைட்’ சிகரெட் என்று எவ்வளவு மென்மையாகப் பெயர் வைத்தார்கள்! கெடுதல் குறைவு என்று நம்பி, விட நினைத்தவர்களும் விடாமல் அதற்கு மாறிக்கொண்டார்கள். கெடுதல் குறையவில்லை என்பது கம்பெனிகளுக்குத் தெரிந்தே இருந்தது என்று 2006இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்து, அந்தச் சொல்லுக்கே தடை போட்டது.

அப்புறம் ஆப்பிரிக்க நாடான ருவாண்டா. 1994இல் சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர்வரை கொல்லப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அங்கே ஒரு தனியார் வானொலி, நல்ல நல்ல பாட்டுகளுக்கு நடுவே, கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோரான துட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதுவாவது வெளிப்படையான வசவு. என்னை அதைவிட நடுங்க வைப்பது இன்னொரு சொல். கொலைக்கு அங்கே ‘வேலை’ என்று பெயர். அக்கம்பக்கத்து ஆட்கள் காலையில் வெட்டுக்கத்தியோடு ‘வேலைக்கு’ கிளம்பினார்கள். 2003இல், இந்தப் படுகொலைகளை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வானொலியைத் தொடங்கியவர்களில் இருவரையும், அதே வெறுப்பை அச்சிட்ட ‘கங்குரா’ என்ற பத்திரிகையின் ஆசிரியரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் விழுந்து தண்டனை குறைந்ததே தவிர, மூவரும் விடுதலை ஆகவில்லை. பத்திரிகை ஆசிரியர் நாற்காலியில் உட்காரும் எவரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்பேன்.

சரி, குழந்தைகள் படிக்கிறார்களே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். அது நியாயமான கவலை. காயங்களை வர்ணிக்க மாட்டோம், உடலின் படத்தைப் போட மாட்டோம், அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தார் சொன்ன கதைகளை அச்சேற்ற மாட்டோம். அந்தக் கட்டுரையிலும் இவை எதுவும் இல்லை. யார் செய்தது, என்ன செய்தது என்ற இரண்டும் மட்டும் வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் ‘கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதுவோம். இந்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே, ‘கொன்றான்’.