14 நாள் மாத்திரைக்கு நெல்லிச்சாறு துணை நிற்குமா?

கேள்வி: மங்களூரில் கட்டட வேலை பார்க்கும் என் தம்பி காய்ச்சலோடு கோத்தகிரிக்கு வந்தான். வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். குளோரோகுயின் மூன்று நாள் போட்டதும் காய்ச்சல் விட்டுவிட்டது. அடுத்து 14 நாள் பிரைமாகுயின். அதற்கு முன் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த மாத்திரை ரத்தத்தை உடைக்கும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பரிசோதனைக்கு அலையாமல், தினமும் நெல்லிக்காய்ச் சாறும் வைட்டமின் சி மாத்திரையும் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நெல்லிச்சாறு அளவாகக் குடிக்கட்டும், ஆனால் பரிசோதனைக்குப் பதிலாக அல்ல.

பக்கத்து வீட்டுப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அது புரிய, மலேரியா ரத்தத்தில் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. தின்றதில் மிஞ்சும் இரும்புள்ள ஹீம் அதற்கே விஷம். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, தொட்டதையெல்லாம் அரிக்கும் பொருள்களும் உண்டாகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று சொல்வது இதைத்தான். ஒட்டுண்ணி அந்த ஹீமைப் படிகமாக்கி ஒதுக்கிவிட்டுத் தப்பிக்கிறது. உங்கள் தம்பி போட்ட குளோரோகுயின் அதைப் படிகமாக்க விடாது. 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா பயிரிட்டு எடுத்தார்களே கொய்னா, அதுவும் ஏறக்குறைய இதே வழியில்தான் வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள்.

இந்த அழுத்தம் சிவப்பணுவையும் விடுவதில்லை. அதைத் தாங்க, அரிக்கும் பொருள்களை முறிக்கும் குளுட்டத்தயோன் என்ற பொருள் அணுவுக்குள் வேண்டும். குளுட்டத்தயோனைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க ஜி6பிடி என்ற நொதி வேண்டும். மற்ற செல்களுக்கு வேறு வழிகளும் உண்டு. உட்கருவோ மைட்டோகாண்ட்ரியாவோ இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான் வழி. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. அவர்களின் அணுவில் ஒட்டுண்ணியும் திணறுகிறது. அதனால்தான் மலேரியா நெடுங்காலம் இருந்த பகுதிகளில் இந்தக் குறை தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது.

இப்போது பிரைமாகுயினுக்கு வருவோம். ரத்தத்தில் ஒட்டுண்ணி ஒழிந்தாலும் கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸ் சில வாரங்களிலோ மாதங்களிலோ எழுந்துவிடும். கொசுவே கடிக்காமல், கோத்தகிரிக் குளிரிலும் காய்ச்சல் திரும்பும். அதை ஒழிக்கத்தான் இந்த 14 நாள். மருந்து உடலில் மாறும்போது உண்டாகும் பொருள்கள் இதே பெராக்சைடைக் கூட்டுகின்றன. நொதி சரியாக இருந்தால் அணுக்கள் தாங்கிவிடும். குறைவாக இருந்தால் கூட்டமாக உடையும். பிரைமாகுயினால் சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் உடைகிறது என்று தேடிப்போய்த்தான் 1956இல் இந்தக் குறையையே கண்டுபிடித்தார்கள்.

இல்லாத நொதியை எந்தச் சாறும் கொண்டுவராது. அதோடு, வைட்டமின் சி அதிக அளவில் போனால் அதுவே பெராக்சைடை உண்டாக்கும். ஊசி வழியாக மிகுதியாக ஏற்றியதில் ஜி6பிடி குறைந்தவர்களுக்கு ரத்தம் உடைந்திருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து நோயாளிக்கு மட்டுமே உதவும் என்றும் நினைக்க முடியாது. வைட்டமின் ஈ குறைந்த தீனி தின்ற எலிகளில் மலேரியா ஒட்டுண்ணி சரியாக வளரவில்லை. அதற்காக நல்ல சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சத்து மாத்திரையைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிப் போடலாம் என்பதே என் கருத்து.

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு இந்தக் குறை தாய் வழியாகவே வரும். உங்கள் தாய்மாமன் யாருக்காவது ஏதோ மாத்திரை போட்டுச் சிறுநீர் கறுத்ததா, மஞ்சள் காமாலை வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இல்லையென்றாலும் பரிசோதனை வேண்டும்.

முடிவு இயல்பாக வந்தால் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, 14 நாளும் விடாமல் போடட்டும். காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. குறை இருந்தால், வாரம் ஒரு வேளை என்று 8 வாரம் டாக்டரின் கண்காணிப்பில் தரும் முறை உண்டு. அதை அவரே தீர்மானிக்கட்டும். எப்படியானாலும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறை இருப்பது தெரிந்தால் இன்னொன்று: மலையில் ஸ்வெட்டர், கம்பளி இருக்கும் பெட்டிக்குள் அந்துருண்டை போடுவது வழக்கம். அது நாப்தலீனாக இருந்தால் அதுவும் இவர்களுக்கு ரத்தத்தை உடைக்கும். தம்பியின் துணிப்பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் துணியிலும் போடாதீர்கள்.