அரசமரம் இலை உதிர்க்கும் மாதம்: மழலை வகுப்புக் கேள்வி–பதில்

கேள்வி: என் மகள் யுகேஜி படிக்கிறாள். ‘பருவங்கள்’ என்று பள்ளியிலிருந்து நான்கு தாள்கள் வந்தன. பனிமனிதனுக்குப் பஞ்சு ஒட்ட வேண்டும். ‘அக்டோபர்’ என்று போட்ட மரத்தின் உதிரும் இலைகளுக்கு ஆரஞ்சு வண்ணம் தீட்ட வேண்டும். முடித்துவிட்டாள். ஆனால், “இதெல்லாம் நம் ஊருக்கு எப்போது வரும்?” என்று தினமும் கேட்கிறாள்.
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் மகள் கேட்டதுதான் கேள்வி! அந்தத் தாளில் பொய் ஏதும் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அக்டோபரில் இலை உதிரும், குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்குள்ள குழந்தை வாசலில் கிடக்கும் இலையைப் பொறுக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறது; அதனால் அங்கே அது பாடம். நம் குழந்தைக்கு அக்டோபரில் வாசலில் கிடப்பது மழைத் தண்ணீர். அதை விட்டுவிட்டுப் பஞ்சு ஒட்டச் சொன்னால் கைக்கு வேலை உண்டு, அறிவுக்கு ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இலை நம் ஊரிலும் உதிரும். மாசி, பங்குனியில் ஏதாவது ஓர் அரசமரத்தடிக்கு அவளை அழைத்துப் போங்கள். காய்ந்த இலைகளைப் பொறுக்கட்டும், மிதித்து நொறுக்கட்டும், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கட்டும். முழுசாக உள்ள நான்கைந்து இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறப்போடுங்கள். நாற்றமடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சதைப்பகுதி அழுகியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலை போல நிற்கும். பிறகு அதே மரம் செம்பு நிறத்தில் தளிர் விடும்போது மறுபடியும் அழைத்துப் போங்கள். ஒரே மரத்தை இரண்டு முறை பார்ப்பதுதான் முக்கியம். பருவம் என்றால் மாற்றம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாகக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்கள் நமக்கு உண்டு. பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதீர்கள், அதற்கு வயது இருக்கிறது. ஐப்பசி மழையில் நேரான சுவருள்ள கண்ணாடி டம்ளரை மொட்டைமாடியில் வையுங்கள். காலையில் தண்ணீர் நின்ற உயரத்தை அவளே நூலால் அளந்து வெட்டி, நோட்டில் ஒட்டட்டும். மார்கழி விடியலில் செருப்பில்லாமல் புல்லில் நடக்கட்டும். கத்திரி வெயிலில் நம் பக்கத்துக் கரிகிரி ஊர் மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஒரே குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்து, மறுநாள் இரண்டையும் குடித்துப் பார்க்கட்டும். நம் வேலூர் வெயிலைவிடக் கெட்டிக்கார ஆசிரியர் யார்?

பனிமனிதனைக் கிழித்துப் போட வேண்டாம். “அது தூர தேசத்தில் வரும்” என்று சொல்லி, இரண்டு ஐஸ் கட்டிகளை ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: மழலையர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் ‘காய்கறி வாரம்’. முப்பது பிள்ளைகள். பிளாஸ்டிக் காய்களும் ஒரு சார்ட்டும்தான் இருக்கின்றன. அதிகச் செலவில்லாமல் எப்படி நடத்துவது?
– ஓர் ஆசிரியை, அணைக்கட்டு

பதில்: பிளாஸ்டிக் காய்கள் பெட்டியிலேயே இருக்கட்டும், தங்கையே. பத்துக் காய்கள் வேண்டாம், ஒன்றே போதும். புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் உங்கள் பக்கத்துக் காய்தானே! ஒரு கிலோ வாங்குங்கள். முள் குத்தாத இடமாகப் பார்த்து எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். முள் எங்கே இருக்கிறது, காம்பிலா, தோலிலா? சொல்லிவிடாதீர்கள், தேடட்டும். நீங்கள் நறுக்குங்கள், கத்தி உங்கள் கையில் மட்டும். ஒரு துண்டு தண்ணீரில், ஒரு துண்டு தட்டில். தட்டில் உள்ளது கறுக்கும்போது அவர்கள் கேட்பார்கள் பாருங்கள், அந்தக் கேள்விகளை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள்.

முப்பது பேரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் ஐந்து பேர் தொடுவார்கள், மற்றவர்கள் சண்டை போடுவார்கள். ஆறு ஆறு பேராகப் பாயில் அழையுங்கள். மீதிப் பேருக்கு மணலும் சிலேட்டும். கடைசியில் முற்றிப் பழுத்த காய் ஒன்றின் விதையைக் காயவைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் விதைத்துவிடுங்கள். முளைப்பதற்குள் வாரம் முடிந்துவிடும். முடியட்டும்! செடி வளரும்வரை பாடமும் நடக்கும். வெள்ளிக்கிழமையோடு கருப்பொருளை மூட்டை கட்டிவிட்டுத் திங்களன்று ‘வாகனங்கள்’ என்று தாவுவது எனக்குச் சம்மதமில்லை. நம் மாநில அங்கன்வாடிப் பாடத்திட்டமே மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்றுதான் போகிறது. பக்கத்து அங்கன்வாடிக்குப் போய் ஒருமுறை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விதை, கொட்டை எதைக் கொடுத்தாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். ஐப்பசியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியை வேரோடு கொண்டுவந்து காட்டுவது அருமையான பாடம்தான், ஆனால் இந்த வயதில் முழுக் கொட்டையைத் தின்னக் கொடுக்கக் கூடாது. புரையேறினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நான்கு வயதுப் பேரன் பள்ளியில் புளியங்கொட்டை பிரிக்கிறான், மணல் அள்ளுகிறான். பக்கத்து வீட்டுப் பையன் 100 வரை எழுதுகிறான். கவலையாக இருக்கிறது.
– ஒரு தாத்தா, வாலாஜாபேட்டை

பதில்: ஐயா, இருவரையும் கூப்பிட்டு, “ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். 100 வரை எழுதும் பல பிள்ளைகள் ஏழை எண்ணி எடுக்கத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கொட்டையைப் பொறுக்கும் விரல்கள்தான் நாளை பென்சிலையும் பிடிக்கப்போகின்றன. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியும் கையால் செய்து கற்கும் இந்த வழியில்தான் நடந்தது. 1939-இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பேரன் சரியான இடத்தில்தான் இருக்கிறான்.

கேள்வி: ‘மஞ்சள் நாள்’ என்று புது மஞ்சள் உடை கேட்கிறார்கள். வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: வேண்டாம். ஓர் எலுமிச்சம்பழம், கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை சுண்ணாம்பு கொடுத்தனுப்புங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஆசிரியை சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும். எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். பிழிவது குழந்தையாக இருக்கட்டும். சுண்ணாம்பு மட்டும் பெரியவர் கையில், தனிப் பொட்டலமாக.